ஜெட் ஸ்கீ எஞ்சின் ஆயில்: மாற்றுவதும் பரிசோதிப்பதும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடா நாடுகளின் படகுத் துறைகளில் சில வருடங்களும், அதன்பின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாடகை ஜெட் ஸ்கீ வண்டிகளோடு சில வருடங்களும் வேலை பார்த்தவன் நான். திரும்பத் திரும்ப என்னிடம் வருகிற கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் சீ-டூ வண்டிகளில் வரும் ரோட்டாக்ஸ் 1503 எஞ்சினைப் பற்றியவை. என் கையில் அதிகம் புழங்கியது அதுதான். யமஹா, கவாசாகி வண்டிகளில் மாறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

காருக்கு ஊற்றும் ஆயில்தானே இதற்கும்? இதில் தனியாக என்ன இருக்கிறது?

கார் எஞ்சின் நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 2,500 சுற்று ஓடினால் அதிகம். ரோட்டாக்ஸ் 1503 எஞ்சின் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர். ஆக்ஸிலேட்டரை முழுக்கப் பிடித்தால் 8,000 சுற்றை நெருங்கிவிடும், அங்கேயே நிற்கும். கியர் மாற்றி மூச்சு விட வழி கிடையாது. இம்பெல்லர், அதாவது தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி வண்டியை ஓட்டும் சுழல் இறக்கை, தண்ணீரைத் தள்ளத் தேவைப்படும் சக்தி, சுற்று வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். அதனால் மேல் வேகத்தில் எஞ்சினுக்கு ஓய்வே இல்லை. அலையில் வண்டி எகிறும்போது இம்பெல்லர் ஒரு கணம் காற்றில் சுற்றும், விழுந்ததும் மறுபடி பாரம் ஏறும். பியரிங்குகள் இந்த அடியை நாள் முழுக்க வாங்குகின்றன.

இன்னொரு பக்கம், ஜெட் ஸ்கீக்குத் தூசித் தொல்லை குறைவு. தண்ணீரின் மேல் ஓடுவதால் பெரும்பாலான வண்டிகளில் ஏர் ஃபில்டரே இருக்காது. ஆகவே கார் ஆயிலைப்போல இந்த ஆயில் ஓடி ஓடிக் களைத்துப் போவதில்லை. பெரும்பாலும் தண்ணீரும் பெட்ரோலும் கலந்துதான் கெடுகிறது. அந்த இரண்டும் உள்ளே வருவது பெரும்பாலும் நாம் வண்டியைக் கழுவுகிற, இழுக்கிற, நிறுத்துகிற விதத்தால். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

என்னுடையது டூ ஸ்ட்ரோக் வண்டி. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகிறது, மாற்ற எதுவும் இல்லை. 2002 வாக்கில் யமஹாவும் சீ-டூவும் ஹோண்டாவும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளைக் கொண்டுவந்த பிறகுதான் ஜெட் ஸ்கீ உலகத்துக்கு ஆயில் சேஞ்ச் என்பதே வந்தது.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதுதான் முதல் பதில். புது வண்டிக்கு முதல் சர்வீஸ் சில மாடல்களில் 10 மணி நேரத்தில், சிலவற்றில் 50 மணி நேரத்தில். அதன்பின் பொதுவாக 100 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது.

'ஒரு வருடம்' என்ற பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சொந்தமாக வண்டி வைத்திருப்பவர் வருடத்துக்கு 20, 30 மணி நேரம் ஓட்டினால் அதிகம். "இன்னும் 70 மணி நேரம் பாக்கி இருக்கே" என்று மூன்று வருடம் அதே ஆயிலை விட்டுவைப்பார். அந்த மூன்று வருடமும் உப்புக் காற்றும் ஈரமும் எஞ்சினுக்குள் உட்கார்ந்திருக்கும். வாடகை வண்டிக்கு இது தலைகீழ். சீசனில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் ஓடும், 20 நாளில் 100 மணி நேரம் முடிந்துவிடும். நான் வாடகை வண்டிகளுக்கு 50 மணி நேரத்தில் மாற்றுகிறேன். ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் எஞ்சின் சூடேறும் முன்பே ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்துகிறார்கள் என்பதே காரணம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு வண்டியைக் கரையேற்றி வைப்பதாக இருந்தால், ஏற்றும் முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். அழுக்கு ஆயிலோடு மூன்று மாதம் நிறுத்திவிட்டு, மழை முடிந்த பிறகு புது ஆயில் ஊற்றினால், பியரிங்கை அரிக்கிற வேலையை ஈரமும் அமிலமும் அதற்குள் முடித்திருக்கும்.

எந்த ஆயில் ஊற்றலாம்?

பெரும்பாலான வண்டிகளுக்கு 10டபிள்யூ-40 (ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் கிரேடு இது). சில சீ-டூ மாடல்களுக்கு 5டபிள்யூ-40. கம்பெனி ஆயிலை ஊற்றினால் கவலையில்லை. கிடைக்கவில்லை என்றால் டப்பாவில் எஃப்சி-டபிள்யூ என்ற முத்திரையைப் பாருங்கள். அமெரிக்காவின் கடல் வாகன உற்பத்தியாளர் சங்கமான என்எம்எம்ஏ தருவது அது. ஃபோர் ஸ்ட்ரோக் படகு எஞ்சினுக்கான ஆயில், துருப்பிடிப்பதைத் தடுக்கும் சோதனையில் தேறியது என்று அர்த்தம்.

சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள ரோட்டாக்ஸ் 1503 எஞ்சினுக்கு இன்னும் கவனம் வேண்டும். அந்த சூப்பர்சார்ஜரின் உள்ளே ஒரு நழுவு கிளட்ச் இருக்கிறது, அது எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து வேலை செய்கிறது. மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வேண்டாத நேரத்தில் வழுக்கும். நானே இதில் ஒருமுறை சிக்கியிருக்கிறேன். அவசரத்துக்கு ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று கொடுத்த கார் ஆயிலை ஊற்றினேன். இரண்டு நாளில் வண்டி மேல் வேகத்துக்கு ஏறவில்லை. வாடிக்கையாளர் இம்பெல்லரைக் குறை சொன்னார், நான் ஸ்பார்க் பிளக்கைக் குறை சொன்னேன். சூப்பர்சார்ஜரைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அடியில் டிரெயின் பிளக்கே இல்லையே. ஆயிலை எப்படி எடுப்பது?

எஞ்சின் ஹல்லுக்குள், அதாவது வண்டியின் படகு உடலுக்குள், உட்கார்ந்திருப்பதால் கீழே திறக்க வழியில்லை. டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சும் பம்ப் வைத்து மேலே இழுக்க வேண்டும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், முழுதாக வராது. அதனால் வண்டியைத் தண்ணீரில் ஒரு பத்து நிமிடம் ஓட்டி, சூடாகக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கரையில் வைத்தே ஓட்டிச் சூடேற்றலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீருக்கு வெளியே சீ-டூவின் ஷாஃப்ட் சீலுக்குக் குளிர்ச்சி கிடையாது. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஹோஸ் மாட்டியிருந்தாலும் 2 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

வண்டியைச் சமமாக நிறுத்தி, பம்ப் குழாயை டிப்ஸ்டிக் வழியாக அடி தட்டும்வரை இறக்குங்கள். முதல் சுற்றில் வருவதோடு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். இந்த எஞ்சின் டிரை சம்ப் வகை, ஆயில் ஒரே இடத்தில் தேங்காது. ரோட்டாக்ஸில் ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் பெட்ரோலும் தீப்பொறியும் நின்றுவிடும், எஞ்சின் சும்மா சுற்றும். அப்படி 10 வினாடி சுற்ற விட்டால் உள்ளே மூலைகளில் நிற்கும் ஆயிலை அதன் பம்பே தொட்டிக்குத் தள்ளும். மறுபடி உறிஞ்சுங்கள்.

1503 எஞ்சின் முழுக்கக் காலியாக இருந்தால் 4.5 லிட்டர் பிடிக்கும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றும்போது ஊற்ற வேண்டியது சுமார் 3 லிட்டர். அதாவது எவ்வளவு கவனமாக உறிஞ்சினாலும் மூன்றில் ஒரு பங்கு பழைய ஆயில் உள்ளேயே இருக்கும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், தண்ணீர் கலந்த ஆயிலைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும். எடுத்த ஆயிலை அளந்து பாருங்கள். 2 லிட்டர்தான் வந்தது என்றால் 3 லிட்டர் ஊற்றாதீர்கள். ஆயில் அதிகமானால் மூச்சுக் குழாய் வழியாகக் காற்றுப் பெட்டிக்குள் ஏறும். சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் முழுக்க ஆயில் படியும், வண்டி புகை கக்கும்.

ரோட்டாக்ஸில் ஃபில்டர் ஒரு மூடிக்குள் இருக்கும் காகித உருளை. மூடியின் ஓ-ரிங்குகளை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். யமஹா, கவாசாகியில் கார் போலத் திருகி மாட்டும் ஃபில்டர்.

டிப்ஸ்டிக் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு காட்டுகிறதே?

குளிர்ந்த எஞ்சினில் பார்த்தால் அப்படித்தான் காட்டும். நிறுத்திவைத்த டிரை சம்ப் எஞ்சினில் ஆயில் மெல்லக் கீழே வடிந்து வேறு இடத்துக்குப் போய்விடும். சரியான முறை இது: எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், வண்டி சமமாக இருக்க வேண்டும், ஹோஸ் மாட்டி 30 வினாடி ஐடிலில் ஓட விட்டு நிறுத்தி, 30 வினாடி காத்திருந்து பாருங்கள். காலையில் குளிர்ந்த வண்டியில் குறைவாகத் தெரிகிறதே என்று அரை லிட்டர் ஊற்றியவர்கள்தான் மதியம் புகை வருகிறது என்று கூப்பிடுவார்கள்.

ஆயில் பரிசோதனை என்றால் என்ன?

மருத்துவரிடம் ரத்தம் கொடுப்பது போலத்தான். 100 மில்லி அளவு பழைய ஆயிலை லேபுக்கு அனுப்பினால், அதில் என்னென்ன கரைந்திருக்கிறது, எவ்வளவு தேய்மானத் துகள் இருக்கிறது என்று எண்களாகத் தருவார்கள். 1940களில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் டீசல் எஞ்சின்களைப் பிரிக்காமலேயே உள்ளே என்ன தேய்கிறது என்று கண்டுபிடிக்க இந்த முறையைக் கையில் எடுத்தன. பிறகு விமானம், கப்பல், சுரங்க லாரி என்று பரவியது.

லேபில் ஆயிலைப் பிளாஸ்மா ஜுவாலையில் எரித்து, ஒவ்வொரு உலோகமும் விடும் ஒளியை அளக்கிறார்கள். அது பிபிஎம் கணக்கில் வரும், பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்புறம் 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு பெட்ரோல், அமிலத்தைச் சமாளிக்கும் சக்தி எவ்வளவு மிச்சம் என்பவை.

சாம்பிளை எப்படி எடுக்க வேண்டும்?

இதில் தவறினால் மீதி எல்லாம் வீண். தவறான சாம்பிளை நம்பி எஞ்சினைப் பிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே உறிஞ்சு பம்பை எல்லா வண்டிக்கும் பயன்படுத்துகிறோம், சில நேரம் ஜெனரேட்டருக்கும். அதன் தொட்டியிலிருந்து பாட்டிலில் ஊற்றி அனுப்பினால், லேப் சொல்வது நான்கு எஞ்சின்களின் கலவையை. சாம்பிளுக்கென்று புதுக் குழாய் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுங்கள். ஆயில் சூடாக, நன்றாகக் கலங்கியிருக்கும்போது எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் குழாயை அடிவரை இறக்கினால், அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் வரும். அப்படி எடுத்த ஒரு சாம்பிளில் தண்ணீர் பயங்கரமாகக் காட்டி, உரிமையாளர் இரண்டு நாள் தூங்கவில்லை. சூடாக்கி மறுபடி எடுத்தபோது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பாட்டிலோடு நான்கு விஷயம் எழுதி அனுப்புங்கள்: எஞ்சின் மொத்தம் ஓடிய மணி நேரம், இந்த ஆயில் ஓடிய மணி நேரம், ஆயிலின் பெயர், ஓடியது கடலிலா ஏரியிலா. கூடவே அதே ஆயிலில் புதிதாக ஒரு பாட்டிலையும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். புது ஆயிலில் என்ன இருந்தது என்று தெரியாமல் பழைய ஆயிலில் என்ன சேர்ந்தது என்று சொல்ல முடியாது.

ரிப்போர்ட் வந்துவிட்டது. எந்த எண்ணை முதலில் பார்ப்பது?

எல்லோரும் நேராக இரும்புக்குப் போகிறார்கள். நான் முதலில் பார்ப்பது சோடியம்.

கடல் நீர் ஒரு கிலோவில் சோடியம் சுமார் 10.8 கிராம், மெக்னீசியம் சுமார் 1.3 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம். இதை ஆயிலுக்குப் பொருத்துங்கள். ஆயிலில் 1 சதவீதம் கடல் நீர் கலந்தால் சோடியம் சுமார் 108 பிபிஎம் ஏறும், மெக்னீசியம் 13, பொட்டாசியம் 4. வளைகுடாக் கடல் உப்பு அதிகம் என்பதால் அங்கே கொஞ்சம் கூடும். மழைக்காலத்து முட்டுக்காடு போன்ற கழிமுகத்தில் குறையும். ஆனால் விகிதம் மாறாது, சோடியம் எட்டு பங்கு என்றால் மெக்னீசியம் ஒரு பங்கு.

இதில் மிக முக்கியமான விஷயம், தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. சூடான ஆயிலில் சேர்ந்த தண்ணீர் ஒரு மணி நேர ஓட்டத்தில் பெரும்பாலும் பறந்துவிடும். அதனால் 'தண்ணீர் இல்லை, சோடியம் 60' என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதி அடையாதீர்கள். கடல் உள்ளே வந்துபோயிருக்கிறது. எப்போது, எப்படி என்று தேட வேண்டும். தண்ணீர் கட்டத்தில் பச்சை நிறம் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைக்கிறவர்களிடம் நான் மன்றாடிச் சொல்வது இதுதான்.

சோடியம் ஏறி, மெக்னீசியம் அசையாமல், பொட்டாசியம் மட்டும் சேர்ந்து ஏறினால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவைச் சந்தேகப்படுங்கள். சீ-டூவில் எஞ்சினுக்குக் கார் போலவே மூடிய கூலன்ட் சுற்று உண்டு, வண்டியின் அடித்தகடு வழியாகக் கடலில் சூட்டை இறக்கும். பல கூலன்ட்களில் சோடியமோ பொட்டாசியமோ மருந்தாக இருக்கும். யமஹா, கவாசாகி எஞ்சின்களைக் குளிர்விப்பது நேராகக் கடல் நீர், அதனால் அங்கே இந்தக் குழப்பம் வராது. ஒரு எச்சரிக்கை: சில ஆயில்களில் மெக்னீசியமே சுத்தம் செய்யும் மருந்தாக நூற்றுக்கணக்கான பிபிஎம் இருக்கும். அதற்குள் இந்த 13 ஒளிந்துகொள்ளும். புது ஆயில் சாம்பிளும் அனுப்பச் சொன்னது இதற்காகத்தான்.

நான் ஏரியில் மட்டும் ஓட்டுகிறேன். அப்போது?

நன்னீர் தடயம் விடாது. தண்ணீர் சோதனையைத்தான் நம்ப வேண்டும், அதுவும் சூட்டில் பறப்பதற்குள். வீட்டிலேயே ஒரு வழி உண்டு. திறந்த வெளியில், வேண்டாத பழைய வாணலியை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரே ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். சுத்தமான ஆயில் சத்தமின்றிப் பரவும். தண்ணீர் இருந்தால் கடுகு வெடிப்பது போலப் பொரியும். லேபிலும் முதல் சோதனை இதுதான், 160 டிகிரித் தகட்டில் செய்வார்கள்.

ஆயில் பால் காபி நிறமாகிவிட்டது. என்ன செய்வது?

அன்றைக்கே செய்யுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உப்புத் தண்ணீர் கலந்த ஆயிலோடு நிற்கும் எஞ்சினில் பியரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒரே இரவில் துருப்பிடிக்கத் தொடங்கும்.

வண்டி கவிழ்ந்து முழுகியிருந்தால் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். தண்ணீரை அழுத்த முடியாது. பிளக் மாட்டியபடியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும். அப்புறம் ஆயிலை உறிஞ்சி, புது ஆயில் ஊற்றி, சூடாகும்வரை ஓட்டி, மறுபடி உறிஞ்சுங்கள். மேலே சொன்ன கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு மாற்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே தங்குகிறது. ஆக ஒருமுறை மாற்றினால் அழுக்கு மூன்றில் ஒன்று, இரண்டாவது முறை ஒன்பதில் ஒன்று, மூன்றாவது முறை இருபத்தேழில் ஒன்று. மூன்று முறை மாற்றுங்கள் என்று மெக்கானிக் சொன்னால் ஆயில் விற்கப் பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு முறைக்கு விலை குறைந்த 40 கிரேடு ஆயில் போதும், ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

வண்டி கவிழவே இல்லை. பிறகு தண்ணீர் எப்படி வந்தது?

நான் பார்த்தவரை பெரும்பாலும் ஹோஸ் வழியாக. வண்டியைக் கழுவும்போது முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும், பிறகு தண்ணீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் தண்ணீரை மூட வேண்டும், பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் எக்ஸாஸ்டில் தண்ணீர் நிரம்பி, வெளியே தள்ள காற்று இல்லாமல், அங்கே மிச்சமிருக்கும் கடல் உப்பையும் சேர்த்துக்கொண்டு பின்னோக்கி சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் ரிங் வழியாக அது ஆயிலில் இறங்கும்.

நான் பார்த்துக்கொண்ட வாடகை வண்டிகளில் ஒன்றில் மட்டும் மூன்று மாதம் சோடியம் ஏறிக்கொண்டே இருந்தது. கேஸ்கட், இன்டர்கூலர், ஆயில் கூலர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு சாயங்காலம் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வரிசையில் கடைசியாக நிற்கும் வண்டி அது. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பையன் ஹோஸை மாட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, பிறகு சாவியைத் தேடப் போகிறான். அவனைத் திட்டவில்லை, யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அடுத்த சாம்பிளில் சோடியம் இறங்கிவிட்டது.

ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டர் அடித்துக்கொண்டே ஹோஸைத் திறந்துவைப்பதும் இதேதான். நின்றுபோன வண்டியை வேகமாக இழுத்துவந்தாலும் பம்ப் வழியாகத் தண்ணீர் ஏறும். மெதுவாக இழுங்கள், குளிர்விக்கும் நீர்க் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தும்போது பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கமே திருப்புங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் சோடியம் ஏறினால்தான் இன்டர்கூலரையும் கேஸ்கட்டையும் தொட வேண்டும்.

ஆயிலில் பெட்ரோல் வாசனை வருகிறது. அளவும் கூடியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

கவனிக்க வேண்டும். ஊற்றாமலே ஆயில் ஏறுகிறது என்றால் அது வரம் இல்லை, பெட்ரோல் இறங்கிக்கொண்டிருக்கிறது. 40 கிரேடு ஆயில் என்றால் 100 டிகிரியில் அதன் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் கலந்தால் 10, 11 என்று இறங்கி, நீங்கள் 40 ஊற்றிய எஞ்சின் 30 கிரேடில் ஓடிக்கொண்டிருக்கும். 8,000 சுற்றில் பியரிங்கைத் தாங்கும் படலம் அந்த அளவுக்கு மெலிந்துபோகும்.

பெரும்பாலும் காரணம் குறைந்த நேர ஓட்டம். ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது, வாரம் ஒருமுறை கரையிலேயே ஒரு நிமிடம் முறுக்குவது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் கொடுக்கும், எரியாதது சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே வடியும். இருபது நிமிடம் தொடர்ந்து சூடாக ஓட்டினால் லேசாகக் கலந்த பெட்ரோல் ஆவியாகும். அப்படி ஓட்டியும் ஏறினால் இன்ஜெக்டர் கசிகிறதா என்று பாருங்கள்.

பாகுநிலை குறைந்திருக்கிறது, ஆனால் ரிப்போர்ட்டில் பெட்ரோல் இல்லை என்றால் அது வேறு. 10டபிள்யூ-40 ஆயிலின் நீண்ட பாலிமர் இழைகள் கியர்களுக்கு நடுவில் நறுக்கப்பட்டிருக்கின்றன. ஆயிலை மாற்றினால் போதும்.

உலோகங்களைப் பற்றிச் சொல்லவே இல்லையே?

இரும்பு சிலிண்டர், கிராங்க், கியர்களிலிருந்து வரும். அலுமினியம் பிஸ்டன். குரோமியம் ரிங். ஈயமும் தகரமும் பியரிங் மேற்பூச்சு. செம்பு புஷ், அல்லது ஆயில் கூலரின் பற்றவைப்பு.

தனி எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று வகுத்துப் பாருங்கள். 25 மணி நேரத்தில் இரும்பு 30 என்பது, 60 மணி நேரத்தில் 50 என்பதைவிட மோசம். புது எஞ்சினின் முதல் ஆயிலில் இரும்பும் அலுமினியமும் தாராளமாக இருக்கும், பாகங்கள் ஒன்றுக்கொன்று பழகுகின்றன. சிலிக்கானும் ஏறும். காரில் சிலிக்கான் என்றால் தூசி, ஜெட் ஸ்கீயில் பெரும்பாலும் எஞ்சினை ஒட்டிய சிலிக்கோன் பசை. புது ஆயில் கூலரிலிருந்து செம்பு கசிவதும் சகஜம், இரண்டு மூன்று மாற்றத்தில் இறங்கும். இறங்காமல் செம்போடு ஈயமும் தகரமும் கைகோத்து ஏறினால் அது பியரிங். அப்போது மட்டும் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

ரிப்போர்ட் சுத்தம். அப்படியென்றால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றுதானே?

அவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வராதீர்கள். லேபின் ஒளி அளவி பார்ப்பது மிகச் சிறிய துகள்களை மட்டும், சுமார் 5 முதல் 8 மைக்ரானுக்குள். நம் தலைமுடி அதைவிடப் பத்து மடங்கு தடிமன். பியரிங்கிலிருந்து செதிலாக உரிந்து விழும் உலோகத்தை அது பார்க்காது. அவை ஃபில்டரில் சிக்கும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை வெள்ளைத் துணியில் விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியம் அல்லது பியரிங் பூச்சு. ஆரம்ப கால ரோட்டாக்ஸ் சூப்பர்சார்ஜர்களின் கிளட்சில் செராமிக் வாஷர்கள் இருந்தன. அவை உடைந்து ஆயிலில் விழுந்து எஞ்சின் முழுக்கச் சுற்றிவந்த கதைகள் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பின்னாளில் உலோக வாஷர் வந்தது. பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால் அது மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். லேபுக்குப் பணமில்லை என்றால்கூடப் பரவாயில்லை, ஃபில்டரை வெட்டுவதை மட்டும் விடாதீர்கள்.

ரிப்போர்ட் நன்றாக வந்தால் ஆயிலை இன்னும் அதிக நேரம் ஓட்டலாமா?

வேண்டாம். லாரிக்கு 30, 40 லிட்டர் ஆயில், அங்கே அந்தக் கணக்குக்கு லாபம் உண்டு. இங்கே 3 லிட்டர். அதை மிச்சம் பிடிக்க லேபுக்குக் கொடுக்கும் காசே பாதி ஆயில் விலை. தண்ணீர் வருகிறதா, ஏதாவது தேய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனை.

பழைய வண்டி வாங்கும் முன் ஆயில் சாம்பிள் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் விற்பவர் முந்தின நாள் ஆயில் மாற்றியிருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. முழுக்கத் தெரியாது என்றும் இல்லை. அந்த மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருக்குமே. சில மணி நேரமே ஓடிய புது ஆயிலில் சோடியம் 30, 40 இருந்தால், முன்பிருந்ததில் மூன்று மடங்கு இருந்திருக்க வாய்ப்பு உண்டு. விலை பேச அது போதும்.

பழைய ஆயிலை என்ன செய்வது?

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரே வண்டி வைத்திருப்பவர் கேனில் சேர்த்து, முறையாக விற்கிற பெரிய சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். கடல் நீர் கலந்த ஆயிலைத் தனிக் கேனில் வையுங்கள், கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள். கரையில் மணலைத் தோண்டி ஊற்றுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அதே மணலில்தான் வலை காயப் போடுகிறார்கள், அதே தண்ணீரைத்தான் நம் வண்டியும் உறிஞ்சுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.